பன்னிரண்டு கிலோ முதலாளி

ஜனவரி 13, செவ்வாய்

காலையில் பல் டாக்டர், மதியம் நாய் பழக்கப் புது வாடிக்கையாளர். இரண்டு இடத்திலும் பல்லைப் பற்றியே பேச்சு.

ஏரிக்கு மேற்கே மேட்டுத் தெருவில் குட்சுகாகே என்று ஒரு தம்பதி. வாசல் மணியை அடித்தேன். பின்பக்கமாக வரச் சொல்லி சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல். முன்வாசல் நாயின் வசம் இருக்கிறதாம். ஏழு மாதமாக அந்த வீட்டுக்காரி தன் வீட்டுக்குள்ளேயே சமையலறைக் கதவு வழியாகத்தான் போய்வருகிறாள், திருட வந்தவள் மாதிரி.

அவள் பெயர் ஷினோபு. நாற்பத்து மூன்று வயது, ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை. கணவர் தகெஹிகோ தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பெனியில் இருக்கிறார். நாய் நான்கு வயது ஷிபா, நம் ஜப்பான் நாட்டு இனம், செம்பழுப்பு, பன்னிரண்டு கிலோ. ஷாச்சோ என்று பெயர் வைத்தது கணவர். ஷாச்சோ என்றால் கம்பெனி முதலாளி. ஆபீசில் ஒரு முதலாளிக்கு நாள் முழுக்கக் குனிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொரு முதலாளியின் கழிவை அள்ளுவது தமாஷாக இருக்கும் என்று நினைத்தாராம். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கடி வரலாறு: ஜூனில் ஷினோபுவின் வலது மணிக்கட்டு, ஆறு தையல். அப்புறம் பார்சல்காரரின் முழங்கால். தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகையைக் கொடுக்க வந்த பெரியவரின் கால்சட்டை (உள்ளே இருந்தவர் தப்பித்தார்). எதிர்வீட்டு ஹனாவா அம்மாளின் கைப்பை. ஒவ்வொன்றுக்கும் கணவனும் மனைவியுமாக இனிப்புப் பெட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். கடிக்காமல் வெறுமனே உறுமியதற்கும் போயிருக்கிறார்கள். ஹனாவா அம்மாளுக்கு மட்டும் பதினோரு பெட்டி. அவருக்கு இப்போது சர்க்கரை ஏறிவிட்டதாம். அதையும் நாயின் தலையில் கட்டலாம்.

சாப்பாடு வைப்பதைக் காட்டச் சொன்னேன். கணவர் பள்ளிக்கூடத்தில் மூங்கில் வாள் சண்டைக்குப் போட்டிருந்த கையுறைகளை ஷினோபு மாட்டிக்கொண்டாள். முழங்கை வரை வரும், தோலும் பஞ்சுமாக அடைத்தது. பிறகு தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளினாள். நாய் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. என் பார்வையிலும் அதுதான் இருந்திருக்கும்.

கிளம்பும்போது பின்வாசலில் மெதுவாகச் சொன்னாள். "வசந்தத்துல இவருக்கு மாத்தல் வரும் டீச்சர். வந்தா இவர் மட்டும்தான் போவார், எனக்கு இங்க வேலை இருக்கு. அப்புறம் நானும் அதுவும் மட்டும்தான்."

அதற்குள் அவளால் தனியாக ஷாச்சோவைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாவிட்டால் நாய் அந்த வீட்டில் இருக்காது. எங்கே போகும் என்று அவள் சொல்லவில்லை. மனிதர்களைக் கடித்த நாயை யார் எடுப்பார்கள்? எங்கே போகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஜனவரி 14, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. எனக்கு யாரும் இனிப்புப் பெட்டி கொண்டுவரவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கணவர் இன்று எனக்கு வகுப்பு எடுத்தார். எங்கேயோ படித்திருக்கிறார். "வீட்டுல யாரு பெரியவங்கன்னு நாய் ஒரு வரிசை போட்டு வச்சிருக்கும் டீச்சர். நான் ஒண்ணு, அது ரெண்டு, இவ மூணு. அதான் இவள மதிக்க மாட்டேங்குது." ஷினோபு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு போடுவது யார் என்று கேட்டேன். மூன்றாம் நம்பர். குளிப்பாட்டியது? மூன்றாம் நம்பர். மழையில் கழிவை அள்ளியது? அதற்கு மட்டும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கணிப்பு வேறு. எல்லாக் கடியும் வாசலில், செருப்பு கழற்றும் பள்ளத்தில்தான் நடந்திருக்கிறது. குறுகிய இடம், ஓட வழியில்லை. இடம்தான் பிரச்சினை. வாசலையே நாய்க்குப் பிடித்த இடமாக மாற்றினால் முடிந்தது. உலர்ந்த சர்க்கரைவள்ளியைத் துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஊர் நாய் அதற்காக ஆத்தாளையே விற்கும். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் சும்மாவா?

ஜனவரி 27, செவ்வாய்

வாசலில் கிழங்கு மழை. ஷாச்சோ வாலைச் சுருட்டி முதுகில் வைத்துக்கொண்டு திரிகிறது. ஷினோபு ஒரு கையுறையைக் கழற்றினாள், இடது கை. வலது கை ஆஸ்பத்திரியில் எழுத வேண்டுமாம், அதில் மட்டும் கையுறை இருக்கட்டும் என்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வறுத்த சோயாவை எறிந்து பேயை விரட்டும் நாள். சாயங்காலத்துக்குள் மூன்று போன். மூன்று வீட்டிலும் அப்பா பேய் முகமூடி போட்டுக்கொண்டு கத்தியிருக்கிறார், மூன்று வீட்டிலும் நாய் அப்பாவைக் கடித்திருக்கிறது. "ஏன் இப்படிப் பண்ணுது டீச்சர்?" வருடா வருடம் இதே கேள்வி. அந்த வீடுகளில் பேயை விரட்டும் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான் என்று சொன்னேன். ஒருவர் போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இடது கையில் நான்கு தையல். வலது கையால் எழுதுகிறேன்.

எல்லாம் அருமையாகப் போனது. ஷாச்சோ வாசலில் கால் நீட்டிப் படுத்திருந்தது, கயிறு ஷினோபுவின் கையில். முதல் முறையாக முன்வாசல் வழியாகவே கிளம்பினேன். ஷூவை மாட்டினேன், திரும்பினேன், "போயிட்டு வரேன்" என்று குனிந்தேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தின் கட்டைவிரல் அதன் வாய்க்குள் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஷினோபு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே தரையில் மண்டியிட்டு, நெற்றி பட மன்னிப்புக் கேட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த கணவரும் பக்கத்தில் விழுந்தார். நாய்க்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அது என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. அவர்கள் இருவரையும் பார்த்துக் குரைத்தது. நான் ரத்தம் சொட்டும் கையோடு நின்று "எந்திரிங்க, தயவுசெஞ்சு எந்திரிங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எழுந்தார்கள். நாய் அடங்கியது. நான் 'பரவாயில்லை' என்பதற்கு லேசாகத் தலையைச் சாய்த்தேன். மறுபடியும் ஆரம்பித்தது.

பிப்ரவரி 11, புதன்

விடுமுறை. போர்வை போர்த்திய சூட்டு மேசைக்கடியில் காலை நுழைத்துக்கொண்டு கடி வரலாற்றை மறுபடி எடுத்தேன். பார்சல்காரர் வந்தார், குனிந்தார். பலகைப் பெரியவர் கொடுத்தார், குனிந்தார். ஹனாவா அம்மாள் குனிந்தார். நான் குனிந்தேன். ஷினோபுவைக் கடித்தது மட்டும் இதில் சேரவில்லை. அன்று அவள் நடைக்குப் போய்வந்த நாயின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஷினோபுவுக்குப் போன் செய்து அன்று யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"பார்சல் வந்துச்சு. கால் துடைச்சிட்டிருந்ததால கதவத் தொறக்க லேட்டாயிடுச்சு. மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன்."

"குனிஞ்சீங்களா?"

"குனியாம எப்படி டீச்சர்?"

அடப் பாவிகளா. நான்கு வருடம். தெருவில் யார் எதிரே வந்தாலும் இவர்கள் முதலில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள், பிறகு குனிகிறார்கள். நாயின் கழுத்து இறுகும். மேலே ஒரு ஆள் கவிழ்வான். செத்த குரலில் "மன்னிச்சுக்குங்க". ஷாச்சோவின் கணக்குப்படி மனிதன் குனிந்தால் அடுத்தது மூச்சு முட்டும். அது முந்திக்கொள்ளக் கற்றது. அது கடிக்கக் கடிக்க இவர்கள் இன்னும் குனிந்தார்கள். இவர்கள் குனியக் குனிய அது இன்னும் கடித்தது.

இந்த ஊரில் நாய் பழக்கும் நான் இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஏனென்றால் நானும் குனிந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

புதுப் பாடம். யார் வந்தாலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கயிறு தொங்க வேண்டும். வணக்கம் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கக் கூடாது. வீட்டுக்குள் தனியாக ஒரு பயிற்சி: தூரத்தில் நின்று லேசாகத் தலையைச் சாய், உடனே கிழங்கு. கொஞ்சம் அதிகம் சாய், கிழங்கு. மனிதன் குனிந்தால் தின்ன ஏதோ வரும் என்று அதன் கணக்கைத் திருப்பி எழுத வேண்டும்.

கணவர் முகம் வெளிறிப் போனார். "எதிர்ல வர்றவங்களுக்குக் குனியாம நின்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" நாய் கடிக்கிற குடும்பம் என்று ஏற்கெனவே நினைக்கிறார்கள், இதற்கு மேல் என்ன என்று கேட்டேன்.

ஷினோபு முயற்சி செய்தாள். குனிந்துவிட்டதற்கு நாயிடம் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டு அலமாரியிடமும் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்து நான்கு. நாய் ஒரு மாதத்தில் தேறிவிடும். இவளுக்கு ஒரு ஜென்மம் வேண்டும்.

தையல் இருப்பதால் கயிற்றைக் கணவரிடம் கொடுத்தேன். தையல் இடது கையில். நான் கயிறு பிடிப்பது வலது கையில் — இதை ஏன் எழுதுகிறேன்?

பிப்ரவரி 24, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. இன்றும் கயிற்றைத் தொடவில்லை. அந்த நாய் தலையைத் திருப்பினாலே என் கை தானாகப் பைக்குள் போய்விடுகிறது. பயம். சீ. எழுதியாச்சு. இனி யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மார்ச் 6, வெள்ளி

மாற்றல் வந்துவிட்டது. ஒகயாமா, மார்ச் 29 கிளம்ப வேண்டும். கம்பெனிகள் எப்போதும் இப்படித்தான், மூன்று வாரம் இருக்கும்போது சொல்வார்கள்.

கணவர் மனைவிக்குத் தெரியாமல் என்னைப் பார்க்க வந்தார். 27ஆம் தேதிக்கு நாயை ஒப்படைக்க, வேண்டாத நாய்களை ஊசி போட்டு முடிக்கும் அரசு அலுவலகத்தில் பேசி வைத்திருக்கிறாராம். கெட்டவர் இல்லை. சொல்லும்போது தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். "ரெண்டாவது தடவ அவ கையத் தைக்கிறத நான் ஒகயாமாலருந்து கேட்டுட்டிருக்க முடியாது டீச்சர். இனிமே கடிக்காதுன்னு நீங்க உறுதி குடுப்பீங்களா?"

கொடுக்க முடியாது என்றேன். பல் இருக்கிற எதற்கும் நான் உறுதி கொடுக்க மாட்டேன். அவர் நன்றி சொல்லிக் குனிந்தார். நான் பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்வாங்கினேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

27ஆம் தேதி விஷயத்தை நேற்று ராத்திரி கணவரே ஷினோபுவிடம் சொல்லிவிட்டார். இன்று நான் போனபோது வீட்டில் அவள் மட்டும். கண் வீங்கியிருந்தது. தெருவில் நடத்திக் காட்டச் சொன்னாள், பார்த்துவிட்டுத் தான் முயல்வதாக. சரி, வேறு வழியில்லை. கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்தேன், ஷாச்சோவின் கழுத்துப்பட்டையில் மாட்டப் போனேன். மாட்டும் வளையம் கடகடவென்று ஆடியது. ஒரு தடவை தவறியது. இரண்டாம் தடவையும்.

"டீச்சர், உங்க கை நடுங்குது."

குளிர் என்றேன். வெளியே பிளம் பூவெல்லாம் கொட்டி முடியப் போகிறது, தெருவில் ஜனங்கள் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு திரிகிறார்கள், நான் குளிர் என்கிறேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நியாயம்தான். ஆனால் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஒன்பது மாதத்தில் யாரோ முதல் முறையாக அவளுக்கு நல்ல செய்தி சொன்ன மாதிரி.

"உங்களுக்குமா?" என்றாள். "கடிச்சா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமா? எனக்கு மட்டும்தான், என்கிட்டதான் ஏதோ கோளாறு, அதான் அது என்னை மதிக்கலன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ஒரு மாசமா இப்படித்தான்" என்றேன். சொல்லிவிட்டேன்.

வலது கையுறையைக் கழற்றி ஷூ அலமாரி மேல் வைத்தாள். இரண்டு கையும் வெறுங்கை. என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, ஒரே தடவையில் மாட்டினாள். "நீங்க பின்னாடி வாங்க டீச்சர்." முன்வாசல் கதவைத் திறந்தாள். மூலைத் தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தோம். கயிறு தொங்கிக்கொண்டே இருந்தது. நான் பத்தடி பின்னால், கிழங்கு டப்பாவோடு. திரும்பி வந்து பார்த்தால் டப்பா பாதி காலி. நாய்க்கு எதுவும் கொடுத்த ஞாபகம் இல்லை.

வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஏரிவரை போகலாம் என்று கிளம்பினோம். எதிர்வீட்டு வாசலில் ஹனாவா அம்மாள் துடைப்பத்தோடு நின்றார். "இன்னும் இருக்கா இந்தப் பிராணி?" என்றார், காலை வணக்கத்துக்குப் பதிலாக.

ஷினோபுவின் கழுத்து இறங்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினாள். நிமிர்ந்தாள். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"வணக்கம் ஹனாவா அம்மா. கொஞ்சம் அங்கயே நில்லுங்க. இதுக்குப் பயிற்சி நடக்குது. இன்னிக்கு நான் உங்களுக்குக் குனியப் போறதில்ல."

அந்தத் தெருவில் இப்படி ஒரு வாக்கியம் இதுவரை விழுந்திருக்காது. ஹனாவா அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். குனிந்தார்.

ஷாச்சோவின் முதுகு முடி எழும்பியது. ஒரு நொடி. பிறகு அது ஷினோபுவின் சட்டைப் பையைப் பார்த்தது. கிழங்கு விழுந்தது. ஹனாவா அம்மாள் நாயைப் பார்த்தார். மெதுவாக, வேண்டுமென்றே, இன்னொரு தடவை குனிந்தார். இன்னொரு துண்டு.

"அப்போ இனிமே இனிப்புப் பெட்டி?" என்றார்.

"வராது."

"நல்லதாப் போச்சு. டாக்டர் திட்டிட்டே இருக்கார்."

மார்ச் 24, செவ்வாய்

கணவர் பம்புக் கம்பெனியிலிருந்து போன் செய்தார். 27ஆம் தேதி ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டாராம். அதாவது ஷினோபு செய்ய வைத்துவிட்டாள். "நாய் என்கூட இருக்கும்னு சொன்னா டீச்சர். என்னைக் கேக்கல. சொன்னா. பதினேழு வருஷத்துல அவ இப்படி நின்னு நான் பாத்ததில்ல." இதுவும் பயிற்சியில் சேர்த்திதானா என்று கேட்டார். ஆமாம், இலவசம் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

கடைசிப் பரீட்சையை நான் வைக்கவில்லை. சாமான் ஏற்ற வந்த கம்பெனி வைத்தது.

கணவரின் பெட்டிகளை வேனில் ஏற்றியாயிற்று. வழியனுப்ப ஆபீசிலிருந்து இரண்டு பேர், ஹனாவா அம்மாள், நான். ஷினோபு ஷாச்சோவோடு வாசலில். சாமான் ஏற்றிய நாலு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள், சீருடைத் தொப்பியைக் கழற்றினார்கள், ஒரே குரலில் நன்றி என்று முழங்கிக்கொண்டு இடுப்பு வரை குனிந்தார்கள். அதைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் குனிந்தார்கள். ஹனாவா அம்மாள் குனிந்தார். ஏழு தலை ஒரே நேரத்தில் கீழே போனது. இதற்கு யாரையும் தயார் செய்யவில்லை. நான் மறந்தே போனேன்.

கணவர் இன்னும் வீட்டுக்குள் இருந்தார்; தெருவில் நிமிர்ந்து நின்றது நானும் ஷினோபுவும்தான். கயிறு தளர்ந்து தரையைத் தொட்டது. ஷாச்சோ அந்த ஏழு மண்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. அப்புறம் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தது. அப்படி ஒரு பேராசையை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. ஷினோபு எண்ணி ஏழு துண்டு போட்டாள்.

கணவர் கடைசியாக நாயின் முன்னால் வந்து நின்றார். "இவளப் பாத்துக்க, முதலாளி" என்று சொல்லிக் குனிந்தார். நிமிர நேரமானது. எட்டாவது துண்டு. ஷினோபு அழுதாள். நானும்தான், வேறென்ன.

ஏப்ரல் 14, செவ்வாய்

எரிக்கக்கூடிய குப்பையை வெளியே வைக்கும் நாள். பக்கத்துத் தெருவில் ஒரு பூடில் நாய் காத்திருக்கிறது, ஆனால் மேட்டுத் தெரு வழியாகவே போனேன். மழை விட்டு எங்கும் சேறு. காக்காய் கிளறாமல் இருக்கப் போட்டிருக்கும் பச்சை வலைக்கு அடியில் ஒரு ஒளிபுகும் குப்பைப் பை. அதற்குள் இரண்டு கையுறைகள், தோலும் பஞ்சுமாக.

முன்வாசல் திறந்திருந்தது. ஷினோபு படியில் உட்கார்ந்து, நடையிலிருந்து வந்த ஷாச்சோவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜூனில் கடி வாங்கிய அதே இடம், அதே வேலை. வெறுங்கை. மணிக்கட்டில் ஆறு தையலின் வெள்ளைக் கோடு தெரிந்தது. முன்கால் இரண்டு முடிந்தது. பின்கால் ஒன்று முடிந்தது. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவும் இல்லை, குனியவும் இல்லை. துண்டை நீட்டினாள்.

"நாலாவது கால நீங்க துடைக்கிறீங்களா டீச்சர்?"

கடி வாங்கிய இடது கையால் காலைப் பிடித்தேன். ஷாச்சோ கையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தது. விரலிடுக்கில் எல்லாம் சேறு. துடைக்கக் கொஞ்ச நேரமானது.